அண்ணி வீடு காலி செய்த கதை

என் அண்ணி ஓர் ஆஸ்பத்திரியில் ஸ்டோர்ஸ் பார்க்கிறாள். பஞ்சு, பேண்டேஜ், கையுறை, படுக்கை விரிப்பு, பினாயில் என்று அந்தக் கட்டடத்தின் அடித்தளத்தில் நான்கு அறை நிறையச் சாமான் இருக்கிறது. அவளைக் கேட்காமல் அதில் ஒன்றுகூட வெளியே போகாது. பெரிய டாக்டரே வந்து நின்றாலும் சீட்டு இல்லாமல் ஒரு சோப்புக்கட்டி கொடுக்க மாட்டாள். அங்கே அவளுக்கு ‘ஸ்டோர்ஸ் அக்கா’ என்று பெயர். ரிட்டயர் ஆகப் போகிற வாட்ச்மேன்கூட அக்கா என்றுதான் கூப்பிடுகிறார். குரல் அப்படி. அடித்தளத்திலிருந்து அவள் “யாருப்பா அது?” என்று கேட்டால், முதல் மாடியில் இருப்பவர்கள் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவார்களாம்.

அந்தக் குரலை வைத்துக்கொண்டு அவள் எங்கள் வீட்டில் பதினோரு வருஷம் கிசுகிசுத்தாள். எல்லாம் என் அண்ணனால் வந்தது. அவனுக்கு ரொட்டிக் கம்பெனியில் ராத்திரி வேலை. ஊர் எழுந்திருக்கும்போது மாவு வாசனையோடு வந்து படுப்பான். மத்தியானம் மூன்று மணிக்குத்தான் எழுந்திருப்பான். நாங்கள் குடியிருந்தது இரண்டாவது மாடியில், ஒரு நீள அறையும் சமையலறையும் உள்ள வாடகை வீடு. அறையின் நடுவே பீரோவைத் திருப்பி வைத்து, அதற்குப் பின்னால் அண்ணன் தூங்குவான். இந்தப் பக்கம் அண்ணி, நான், அவர்கள் பெண் குட்டி. நான் அண்ணனுக்குத் தங்கை. வீட்டிலிருந்தே பள்ளிக்கூட யூனிபார்ம் தைக்கிறேன். மூன்று மணிக்கு முன்னால் மெஷினில் கால் வைக்கக் கூடாது என்பது சட்டம்.

கிசுகிசுப்பாகச் சண்டை போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? நானும் அண்ணியும் போட்டிருக்கிறோம். பாதியில் யாருக்காவது சிரிப்பு வந்துவிடும், அதையும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டுதான் சிரிக்க வேண்டும். ஸ்பூன் கீழே விழுந்தால் மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பீரோவைப் பார்ப்போம். இதிலெல்லாம் எங்களுக்குப் பெரிய குறை ஒன்றும் தெரியவில்லை, குட்டியின் டீச்சர் கூப்பிட்டு அனுப்பும் வரை.

குட்டிக்கு அப்போது எட்டு வயது. வகுப்பில் அவள் பாடம் வாசித்தால் இரண்டாவது பெஞ்சுக்கே கேட்கவில்லை என்றார் டீச்சர். அண்ணி அவளைத் தன் ஆஸ்பத்திரியில் தொண்டை டாக்டரிடம் காட்டினாள். அவர் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, “தொண்டை நல்லாத்தான் இருக்கு அக்கா. வீட்டுல நீங்கல்லாம் எப்படிப் பேசுவீங்க?” என்று கேட்டார். அண்ணி குட்டியைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். வீட்டுக்கு வந்து பாத்திரமெல்லாம் தேய்த்துக் கவிழ்த்த பிறகு, என் காதருகே வந்து சொன்னாள். “நமக்கு ஒரு கதவு வேணும்.”

இப்படித்தான் நாங்கள் வீடு தேட ஆரம்பித்தோம். ஊரெல்லாம் கிழக்கு வாசலா, தண்ணீர் வருமா என்று பார்க்கிறது. நாங்கள் கதவு பார்த்தோம். தரகர் காட்டிய ஐந்தாவது வீடு ஒரு கண்ணாடிக் கடைக்காரருடையது. மூக்குக் கண்ணாடி விற்கிறவர். ஹால், சமையலறை, பக்கவாட்டில் ஓர் அறை, எல்லாவற்றுக்கும் பின்னால் இன்னொரு சின்ன அறை. அந்தச் சின்ன அறைக்குக் கனமான மரக்கதவு. அண்ணி என்னை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு ஹாலுக்குப் போனாள். நான் ஐந்து நிமிஷம் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசியில் கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, “கூப்பிட்டீங்களா அண்ணி?” என்றேன். தொண்டை கமறக் கத்தியிருக்கிறாள். முகமெல்லாம் சிவந்து நின்றாள். தரகர் பக்கம் திரும்பி, “இந்த வீடுதான்” என்றாள். பேரம் பேச வந்த இடத்தில் இப்படிப் பல்லைக் காட்டினால் தரகர் விலையைக் குறைப்பாரா? ஒரு பைசா குறையவில்லை.

“ரெண்டே வாரம் அக்கா, சாவி உங்க கையில” என்றார் தரகர்.

அண்ணி செய்த தப்பு, அதை நம்பியது. அவள் உத்தியோகத்தில் இரண்டு வாரம் என்றால் பதினான்கு நாள். அந்தச் சனி, ஞாயிறிலேயே ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் பாட்டில் வந்த காலி அட்டைப்பெட்டிகளைக் கொண்டுவந்து வீட்டை முழுசாகக் கட்டிவிட்டாள். அறுபத்தொரு பெட்டி. ஒவ்வொன்றுக்கும் நம்பர், எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று ஒரு நோட்டு. கையோடு கீழ் வீட்டில் இருந்த வீட்டுக்காரம்மாவிடம் போய், மாசக் கடைசியில் காலி செய்துவிடுகிறோம் என்றும் சொல்லிவிட்டாள்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன், எனக்கு நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது. பத்திரத்தில் இருந்த அளவுக்கும் வீட்டின் அளவுக்கும் ஒரு சாண் வித்தியாசம் என்றார்கள். அளக்க வேண்டியவர் லீவு. அவர் வந்து அளந்தபோது சீல் வைக்கிறவர் லீவு. சீல் விழுந்த அன்று, லோனுக்குக் கொடுத்த காகிதம் கெடு முடிந்துவிட்டது. அதைப் புதுப்பிக்கப் புதிதாக அளந்த பேப்பர் வேண்டும் என்றார்கள். ஒவ்வொரு தடவையும் தரகர் “ரெண்டே வாரம்” என்றார். அண்ணி அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டுக்கொண்டே வந்தாள். இருபத்திரண்டு கோடு விழுந்தது.

சரி, பெட்டிகளையாவது பிரிக்கலாம் என்றால் அண்ணி ஒப்புக்கொள்ளவில்லை. “பிரிச்சா தோத்த மாதிரி. இருக்கிறது இருக்கிறபடி இருக்கட்டும். வேணுங்கிறதை எடுத்துட்டுத் திருப்பி வைங்க” என்றாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சீட்டு முறை வந்தது. நம்பினால் நம்புங்கள். கரண்டி பதினேழாம் பெட்டி. அண்ணனின் ஷேவிங் செட் நாற்பதாம் பெட்டி. எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் கிடைக்கும். ஒருநாள் நான் இஸ்திரிப் பெட்டியை வாங்கி நாலு நாள் திருப்பிக் கொடுக்கவில்லை. அதற்கு ஒரு வாரம் பாத்திரம் தேய்க்கும் தண்டனை. அண்ணன் தன் போர்வைக்குச் சீட்டு எழுதும்போது, ‘காரணம்’ என்ற இடத்தில் ‘குளிர்’ என்று எழுதினான். “இப்ப எங்க குளிருது?” என்று திருப்பி அனுப்பிவிட்டாள்.

நாங்கள் சிரித்தோம். விருந்தாளிகளும் பெட்டி மேலேயே உட்கார்ந்து காபி குடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார்கள். சிரிக்காமல் என்ன செய்வது?

பதினோராவது மாதம் பத்திரம் பதிவானது. பேப்பரில் வீடு எங்களுடையது. உள்ளே குடியிருந்தது கண்ணாடிக் கடைக்காரர். அவர் வாங்கிய வீடு இன்னும் காலியாகவில்லையாம். “நீங்க நேராப் போய்க் கேட்டுடாதீங்க அக்கா, காரியம் கெட்டுடும். நான் பாத்துக்கிறேன். ரெண்டே…” என்று தரகர் ஆரம்பித்தபோது அண்ணி போனை என்னிடம் கொடுத்துவிட்டாள். அப்படியும் இன்னொரு மூன்று மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

அவள் பொறுமை போனது ஒரு மரத்தால். பள்ளி ஆண்டுவிழா நாடகத்தில் குட்டிக்கு மர வேஷம் கொடுத்திருந்தார்கள். குட்டி ஓடிவந்து என் காதில் வாயை வைத்து, “அத்தை, நான் மரம். ஒரு வார்த்தை பேச வேண்டாம். கையைத் தூக்கிக்கிட்டு நின்னா போதும்” என்றாள். அவளுக்கு அத்தனை சந்தோஷம். அடுப்பு முன்னால் நின்றிருந்த அண்ணி திரும்பவில்லை. ஆனால் அவளுக்குக் கேட்டுவிட்டது. கிசுகிசுப்பைக் கேட்டுக் கேட்டு எங்கள் வீட்டில் எல்லாருக்கும் பாம்புச் செவி. மறுநாள் ஆஸ்பத்திரிக்கு லீவு சொல்லிவிட்டு, “கெளம்பு சின்னவளே” என்றாள்.

“எங்க அண்ணி?”

“சாமான் வரலைன்னா சப்ளையரைத் திட்டிப் பிரயோஜனம் இல்ல. சீட்டு எந்த மேஜையில நிக்குதுன்னு நடந்து போய்ப் பாக்கணும். இதை நான் பதினாலு மாசம் முன்னாடியே செஞ்சிருக்கணும்.”

முதல் மேஜை கண்ணாடிக் கடை. கடைக்காரர் ஒல்லியான மனிதர். தான் விற்கும் பொருளை நெற்றி மேல் ஏற்றிவிட்டு அதையே தேடுகிறவர். எங்களைப் பார்த்ததும் கையைப் பிசைந்தார். “நான் என்னம்மா பண்றது? பாட்டு டீச்சர் வீட்டை வாங்கிட்டேன். அவங்க எழுந்தா நான் போய் உக்காருவேன். அவங்க எழுந்திருக்க மாட்டேங்கிறாங்களே” என்றார். அண்ணி பாட்டு டீச்சரின் விலாசத்தை வாங்கிக்கொண்டாள்.

இரண்டாவது மேஜை பாட்டு டீச்சர் வீடு. தனி ஆள், அறுபதுக்கு மேல் வயது. கதவைத் திறந்ததும் உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார். பெரிய வீட்டைப் பெருக்கித் துடைக்க முடியவில்லை, அதனால் விற்றுவிட்டு வாடகைக்குச் சின்னதாக ஒரு வீடு பேசியிருக்கிறார். “பேசி வருஷத்துக்கு மேல ஆச்சும்மா. அங்க இருக்கிறவங்க காலி பண்ணினாத்தானே நான் போக முடியும்? மாசக் கடைசியில போயிடுறோம்னு சொன்னாங்களாம். எந்த மாசம்னு சொல்லல போலிருக்கு.”

“அப்படியும் இருப்பாங்களா மனுஷங்க?” என்றாள் அண்ணி, மோரைக் குடித்துக்கொண்டே.

“அதை ஏன் கேக்குறீங்க. அந்த வீட்டுப் பொம்பளை சாமானெல்லாம் பெட்டி பெட்டியாக் கட்டி வச்சிருக்காளாம். கட்டிட்டு அதும்மேலயே உக்காந்திருக்காளாம். வீட்டுக்காரம்மா சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாங்க. பாதிப் பைத்தியமா இருக்கும்னு நெனைக்கிறேன்.”

அண்ணியின் கை டம்ளரோடு நின்றது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். என் தோள் குலுங்குவதை மறைக்க முடியவில்லை.

“அந்த வீடு… ரெண்டாவது மாடியா?” என்று அண்ணி மெதுவாகக் கேட்டாள்.

“ஆமா.”

“பச்சை கேட்டா?”

“உங்களுக்குத் தெரியுமா அவங்களை?”

“கொஞ்சம் பழக்கம்” என்றாள் அண்ணி. அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. நான் சிரித்த சிரிப்பில் டீச்சர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவர எழுந்தார். விஷயத்தைச் சொன்னதும் அவரும் சிரிக்க ஆரம்பித்தார். அண்ணி மட்டும் சிரிக்கவில்லை. அவள் உத்தியோக வாழ்க்கையில் முதல் தடவையாக, சீட்டு அவள் மேஜையிலேயே நின்றிருந்தது.

நாங்கள் கடைக்காரருக்காகக் காத்திருந்தோம். கடைக்காரர் டீச்சருக்காகக் காத்திருந்தார். டீச்சர் எங்களுக்காகக் காத்திருந்தார். மூன்று வீட்டுக்காரர்களும் மூன்று மாதமாக மற்றவர்களைத் திட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். யாராவது ஒருத்தர், போக இடம் இல்லாமலேயே முதலில் தெருவில் இறங்கினால்தான் மற்ற இருவரும் நகர முடியும்.

அந்த ஒருத்தர் யார் என்பதில்தான் சிக்கல். டீச்சர் முதலில் காலி செய்யட்டும் என்றார் கடைக்காரர், போனில். டீச்சர், தனி ஆள் தெருவில் நிற்க முடியுமா என்று கேட்டார், நியாயம்தான். “நாங்க இறங்குறோம்” என்று அண்ணி சொல்லிவிட்டு வந்தாள். அன்று மூன்று மணிக்கு எழுந்த அண்ணன், விஷயத்தைக் கேட்டுவிட்டுக் காபியைக் கீழே வைத்தான்.

“நாம இறங்கின பிறகு அந்த மனுஷன் எழுந்திருக்கலைன்னா? இந்த வீடும் போயிடும், அந்த வீடும் இல்ல. குட்டியை வச்சுக்கிட்டு எங்க நிக்கிறது?”

அவன் கேட்டதில் தப்பே இல்லை. அண்ணியும் அவனை மறுத்துப் பேசவில்லை. “தெரியலைங்க. ஆனா இங்கயே இருந்தா இவ மரமாவே நின்னுடுவா” என்றாள். அண்ணன் காபியை எடுத்துக் குடித்து முடித்தான். பிறகு எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு, கம்பெனியில் ரொட்டி வேன் கேட்டுவிட்டு வருவதாகச் சொல்லிப் போனான்.

அண்ணி மூன்று வீட்டுக்கும் சொல்லிவைத்த ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு அறுபத்தொரு பெட்டிகளும் நம்பர் வரிசையில் எங்கள் தெரு நடைபாதையில் இருந்தன. அண்ணி சாவியை வீட்டுக்காரம்மாவிடம் கொடுத்தாள். எட்டரைக்கு டீச்சர் வேனில் வந்து இறங்கினார். அவருடைய சாமான்களை நாங்களே மேலே ஏற்றினோம். எங்கள் பீரோ இருந்த இடத்தில் அவர் தன் வீணையை வைத்தார். பதினோரு வருஷம் ஸ்பூன் விழக்கூடாத அறையில் வீணை. எனக்கு வேடிக்கையாகவும் கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

பத்து மணிக்கு அண்ணியும் நானும் கண்ணாடிக் கடைக்காரர் வீட்டுக்குப் போனோம். அவர் லுங்கியோடு கதவைத் திறந்தார். உள்ளே எட்டிப் பார்த்தேன். அலமாரியில் புத்தகம் அப்படியே இருந்தது. கொடியில் துணி. அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு பொட்டலம்கூடக் கட்டியிருக்கவில்லை.

“நெஜமாவே காலி பண்ணிட்டீங்களா?” என்றார் அவர். அவர் முகத்தில் பொய் இல்லை. பதினான்கு மாதமாக இரண்டே வாரம் கேட்டுக் கேட்டு, நாள் என்று ஒன்று வரும் என்ற நம்பிக்கையே மனிதருக்குப் போயிருந்தது. “இன்னும் ஒரு மாசம் குடுத்தீங்கன்னா, மெதுவா…”

எனக்கு அழுகையே வந்துவிட்டது. பின்னால் வீடு இல்லை, முன்னால் வீடு இல்லை. நடைபாதையில் பன்னிரண்டாம் பெட்டி மேல் குட்டி உட்கார்ந்து பெட்டிகளுக்குக் காவல் இருக்கிறாள், பக்கத்தில் வேலை முடிந்து வந்து தூங்காத அண்ணன். நான் அந்த மனிதரைப் பிடித்து நன்றாகக் கேட்க வாயைத் திறந்தேன். அண்ணி என் கையை அழுத்தினாள்.

“பழைய நியூஸ்பேப்பர் இருக்கா?” என்று கடைக்காரரைக் கேட்டாள்.

“இருக்கு. எதுக்கு?”

“அடுப்பை அணைச்சுட்டு வாங்க” என்றாள் அண்ணி. பிறகு இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு தன் அடித்தளக் குரலை எடுத்தாள். அந்தத் தெருவே திரும்பிப் பார்த்தது. கடைக்காரரின் மனைவி பாத்திரம், அவர் தாயார் துணிமணி, கடைக்காரர் புத்தகம், நான் கண்ணாடிச் சாமான். அவரவர் முன்னால் பேப்பரும் கயிறும் விழுந்தன. டீச்சர் தன் வீட்டை விட்டுவிட்டு வந்து பெட்டிகளுக்கு நம்பர் எழுதினார், நல்ல கையெழுத்து. அண்ணி ஒவ்வொரு அறையாக நடந்தாள். “அது எதுக்கு யோசனை? கட்டுங்க. யோசிக்கிறதை அங்க போய் யோசிச்சுக்கலாம்” என்ற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. நடுவில் கடைக்காரர் ஒரு தடவை, தன் பல் செட்டையும் யாரோ கட்டிவிட்டதாகச் சொன்னார். “இருபத்தாறாம் பெட்டி” என்றாள் அண்ணி, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

மூன்று மணிக்கு அந்த வீடு காலி. ரொட்டி வேன் நான்கு நடை போனது. கடைசி நடையில் கடைக்காரர் சாவியை அண்ணியின் கையில் வைத்து, “நீங்க எங்க கடைக்கு வேலைக்கு வர்றீங்களா?” என்று கேட்டார். இருட்டுவதற்குள் எங்கள் பெட்டிகளும் வந்து சேர்ந்தன. அண்ணன் அன்று தூங்காமலே வேலைக்குப் போனான்.

மறுநாள் காலை அவன் வந்தான். நேராகப் பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தான். நாங்கள் மூன்று பேரும் வழக்கம்போலக் கால் விரலால் நடந்தோம். டிபன் பாக்ஸ் எங்கே என்று அண்ணி என்னைக் கிசுகிசுப்பாகக் கேட்டாள். நானும் கிசுகிசுப்பாகச் சொன்னேன். கதவு வாங்கியது இருவருக்கும் மறந்துபோயிருந்தது.

குட்டி பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். பெல்ட்டைக் காணோம். ஹாலில் நின்றுகொண்டு தன் வழக்கமான குரலில், “அம்மா, பெல்ட் எங்க?” என்றாள். பழைய வீடாக இருந்தால் அது போதும். இங்கே சமையலறை தள்ளி இருந்தது, அண்ணிக்குக் கேட்கவில்லை. குட்டி இன்னொரு தடவை கேட்டாள். பதில் இல்லை. ஸ்கூல் வேன் வரும் நேரம். அவளுக்குக் கோபம் முட்டிக்கொண்டு வந்தது, அத்தனை கோபத்தை நான் அந்த முகத்தில் பார்த்ததில்லை.

“அம்மா, என் பெல்ட் எந்தப் பெட்டியில இருக்கு? எத்தனை தடவை கேக்குறது?”

புது ஹாலில் அந்தச் சத்தம் சுவருக்குச் சுவர் மோதியது. நான் கையிலிருந்த சாக்ஸைக் கீழே போட்டுவிட்டேன். குட்டி தன் வாயைத் தானே பொத்திக்கொண்டு பின்னறைக் கதவைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அண்ணி கரண்டியோடு சமையலறை வாசலுக்கு வந்து, அவளும் அதைப் பார்த்தாள். கதவு திறக்கவில்லை. அண்ணன் தூங்கிக்கொண்டிருந்தான்.

அண்ணியின் கண்ணிலிருந்து தண்ணீர் தாரை தாரையாகக் கொட்டியது. அதைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் கதவு நிலையில் சாய்ந்து நின்றாள்.

“என்ன கேட்ட?” என்றாள். “எனக்குச் சரியாக் காதுல விழல. இன்னொரு தடவை கேளு.”

குட்டி வாயிலிருந்து கையை எடுத்தாள்.